வால் சக்கர விமானத்துக்கு எந்த இழுவை வண்டி?

கேள்வி: வணக்கம் சார். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 61. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய புஷ்பக் விமானம் ஒன்றை வைத்திருக்கிறோம், முன்னால் இரண்டு சக்கரமும் வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரமும் உள்ள வகை. ஓசூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் நிற்கிறது. ஷெட்டுக்கு வெளியே நாற்பதடி செம்மண் தரை. அது ஷெட்டை நோக்கிப் பத்தடிக்கு மூன்று அங்குலம் ஏறுகிறது. வாசலில் கதவுத் தண்டவாளம் ஒரு அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது. வெளியே தள்ளுவது சுலபம். வாலை முன்னால் விட்டு உள்ளே ஏற்றுவதற்குள் நானும் மச்சானும் ஓய்ந்துபோகிறோம். போன மாதம் எனக்கு முதுகு பிடித்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். விமானத்தை நகர்த்தும் சின்ன இழுவை வண்டியை டக் என்கிறார்கள்; வெளிநாட்டு பேட்டரி டக் ஒன்றின் விலையைக் கேட்டு மலைத்துப்போனோம். பெட்ரோல் எஞ்சின் வைத்த டக் ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. சிப்காட் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர், "மோட்டார் மட்டும் வாங்கிக் கொடுங்கள், நானே செய்து தருகிறேன்" என்கிறார். மச்சானோ, "வீட்டில் பவர் டில்லர் சும்மாதானே கிடக்கிறது, வால் சக்கரத்தில் கயிறு கட்டி இழுத்துவிடலாம்" என்கிறார். எதைச் செய்வது? எத்தனை குதிரைத்திறன் பார்த்து வாங்குவது?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் மைத்துனர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம், ஆனால் அந்தக் கயிற்றை இந்த வாரமே யாராவது கட்டிவிடக் கூடாது. பவர் டில்லர் வேண்டாம், டிராக்டர் வேண்டாம், ஜீப் வேண்டாம். கயிறு இழுக்கும், நிறுத்தாது. முன்னால் போகும் வண்டி நின்றாலும் பின்னால் வரும் விமானம் நிற்காது. உங்கள் தரை ஏறுமுகம்தான். ஆனால் வாசலைத் தாண்டியதும் சமதளம். அந்த இடத்தில்தான் வினை.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வால் சக்கர விமானம் ஒன்றை ஜீப்பில் கட்டி வாலை முன்னால் விட்டு இழுத்தார்கள். ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் ஜீப் நின்றது, விமானம் நிற்கவில்லை. வால் போய் ஜீப்பின் பம்பரில் மோதி, விமானத்தைத் திசை திருப்பும் வால் பலகையான ரட்டரின் அடி விளிம்பு நசுங்கியது. ரட்டரை மாற்றினார்கள், விமானம் மறுபடி பறந்தது, எல்லோரும் மறந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்காக வால் சக்கரத்தைக் கழற்றினோம். லாரிக்கு இருப்பதுபோல இதற்கும் ஸ்பிரிங் பட்டை உண்டு, அளவில் சின்னது. அந்தப் பட்டையை உடலோடு பிடித்திருக்கும் போல்ட்டைத் துடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, தலைக்குக் கீழே மயிரிழைபோல ஒரு கோடு. அந்தக் கோட்டின் ஓரத்தில் செந்தூள் கசிந்திருந்தது. மூன்று மாதமாக அந்த போல்ட்டின் மேல்தான் மாணவர்கள் தரை இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் வால் சக்கரத்தில் கயிறு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் செந்தூள்தான் ஞாபகம் வருகிறது.

இனி உங்கள் விமானம். புஷ்பக் முதலில் பறந்தது 1958-இல், பெங்களூரு ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் தயாரிப்பு. அதற்கு முன்பே, 1951-இல், அங்கே உருவாகிப் பறந்த ஹெச்.டி-2 பயிற்சி விமானமும் வால் சக்கர வகைதான். அந்தத் தலைமுறை விமானிகள் பலர் வால் சக்கரத்தில்தான் கை பழகினார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணிப் போர்வை, இறக்கைக்கு முட்டுக் கம்பி, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருக்கை. வெறும் எடை சுமார் 400 கிலோ. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 36 அடி. எரிபொருளும் மற்றதும் சேர்த்து 450 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

காற்று சரியாக இருக்கும் டயர், நல்ல சிமெண்ட் தரை என்றால், 450 கிலோ விமானத்தை உருட்ட ஒன்பது பத்துக் கிலோ இழுப்பு போதும். பள்ளிக்கூடப் பையன் தள்ளலாம். காய்ந்த, கொஞ்சம் பொடி கிளம்பிய செம்மண்ணில் இது 35 கிலோ அளவுக்குப் போகும். உங்கள் ஏற்றத்துக்கு இன்னொரு 11 கிலோ. ஆக மொத்தம் 45, 50 கிலோ. நீங்கள் இருவரும் அறுபதை ஒட்டிய வயதில் குனிந்தபடி கொடுத்துக்கொண்டிருப்பது இதைத்தான். முதுகு பிடிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் உங்கள் உண்மையான எதிரி அந்த ஒரு அங்குலத் தண்டவாளம். உங்கள் சக்கரம் நாற்பத்தி நாலு சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் கல்போல இறுகியிருந்தால், இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரு அங்குலப் படியில் ஏற, அவற்றின் மேல் உள்ள எடையில் பாதி அளவு இழுப்பு வேண்டும். அதாவது 200 கிலோவுக்கு மேல். டயர் நசுங்கிக் கொடுப்பதால் நடைமுறையில் குறையும். பாதியாகக் குறைந்தாலும் 100 கிலோ. சிமெண்ட் தரையில் பத்துக் கிலோவில் நகரும் விமானம் வாசலில் வந்து நூறு கிலோ கேட்கிறது. அதனால்தான் எல்லோரும் தூரத்திலிருந்தே வேகம் எடுத்து வந்து மோதி ஏற்றுகிறோம். அந்த மோதல் முழுவதையும் சக்கரக் கால்களும் அவற்றின் பிணைப்பும்தான் வாங்குகின்றன.

இதற்கு டக் மருந்தில்லை, ஒரு மூட்டை சிமெண்ட்தான் மருந்து. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இரண்டடி நீளத்துக்குச் சரிவாகப் பூசிவிடுங்கள். தண்டவாளத் தலை மட்டும் வெளியே தெரிய வேண்டும், கதவின் உருளை ஓட விரலளவு காடி விட்டால் போதும். ஒரு அங்குலத்தை இரண்டடியில் ஏறினால் கூடுதலாக வேண்டியது 18 கிலோ இழுப்புத்தான். முதலில் இதைச் செய்யாமல் எந்த டக் வாங்கினாலும், அது வாசலில் நின்று சக்கரம் சுற்றுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அதற்கும் முன்னால் அரைமணி நேர வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி கொடுத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் உரசிக்கொண்டே இருக்கிறதா, பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா, டயரில் கைப்புத்தகம் சொல்லும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் விமானத்தில் இந்த மூன்றும் கெடும். தள்ளக் கனமாக இருக்கிறது என்று என்னிடம் வந்த விமானங்களில் காற்றுப் பிடித்ததும் சரியானவை உண்டு.

பிறகு இரண்டு அளவு எடுங்கள். மாங்காய் மண்டியில் கூடையை வைத்து நிறுப்பார்களே, அந்த எலக்ட்ரானிக் எடை மேடை ஒன்றை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டு, வால் சக்கரத்தை அந்த மேடையில் ஏற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எரிபொருள் நிரப்பி ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. அடுத்து, மண்டியிலேயே கிடைக்கும் தொங்கு தராசு. முன் சக்கரக் கால்கள் இரண்டிலும், உடலை ஒட்டி அல்ல, கீழே அச்சுக்குப் பக்கத்தில், துணிப் பட்டையைச் சுற்றி, இரண்டையும் முன்னால் ஒன்றாகச் சேர்த்து, தராசை நடுவில் மாட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஏற்றத்துக்கு நேர் இழுப்புத் தெரிய, விமானத்தின் மூக்கை ஷெட்டுப் பக்கம் திருப்பி வைத்து அளக்கலாம். சிமெண்டில் எவ்வளவு, செம்மண்ணில் எவ்வளவு, மழை பெய்த மறுநாள் எவ்வளவு என்று மூன்று எண்கள் எழுதி வையுங்கள். பட்டறைக்காரரிடம் பேசும்போது இந்த எண்கள்தான் பேச வேண்டும். நான் மேலே போட்ட கணக்கு பொதுவானது. உங்கள் தரையின் கணக்கு உங்கள் தராசில்தான் இருக்கிறது.

குதிரைத்திறன் கேட்டீர்கள். 50 கிலோ இழுப்போடு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போக 250 வாட் போதும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அதாவது மூன்றில் ஒரு குதிரைத்திறன். நொடிக்கு அரை மீட்டர் என்றால் கோவிலில் பிரகாரம் சுற்றும் நடை. விமானத்தை அதைவிட வேகமாக நகர்த்தவே கூடாது. பல்சக்கரப் பெட்டியோடு வரும் 24 வோல்ட் சக்கர நாற்காலி மோட்டார், 250 வாட்டில் இரண்டு, உங்களுக்குத் தாராளம். திறனை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது பிடிமானத்தைப் பற்றி. மோட்டாரில் ஐந்து குதிரை இருந்தாலும், டக்கின் சக்கரம் தரையைப் பிடிக்காவிட்டால் ஒரே இடத்தில் நின்று மண்ணைத் தோண்டும். எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. காய்ந்த சிமெண்டில், மேலே உள்ள எடையில் பாதிக்குமேல் இழுப்பாகக் கிடைக்கும். பொடிச் செம்மண்ணில் நூற்றுக்கு நாற்பதுதான், ஈரத்தில் இன்னும் கீழே. உங்கள் வால் எடை 30 கிலோ, டக் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஓட்டும் சக்கரங்களின் மேல் உட்கார்ந்தால் 80 கிலோ. சிமெண்டில் 45 கிலோ இழுப்பு வரும், பிரமாதம். செம்மண்ணில் 32 கிலோதான் வரும். உங்களுக்கு வேண்டியதோ 47. டக் வழுக்கும்.

இதில் ஒரு முடிவு தானாகவே வந்துவிடுகிறது. வால் சக்கரத்தைத் தடியால் கோத்து இழுக்கும் வகை டக் உங்களுக்கு வேண்டாம். வாலின் எடை தரையிலேயே தங்கிவிடும், டக்குக்குத் தன் எடை மட்டும்தான் பிடிமானம். வால் சக்கரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் வகைதான் வேண்டும். மூக்குச் சக்கர விமானக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. நம் விமானத்தின் வால் லேசானது, தாழ்வானது, சின்ன மேடையில் ஏறி உட்கார்ந்துவிடும். அந்த எடையைப் பயன்படுத்தாமல் விடலாமா?

மீதி 15 கிலோ இழுப்புக்கு இரண்டு வழி. டக்கின் எடையை நாற்பது கிலோ கூட்டலாம். அல்லது அந்த நாற்பதடிக்கு மூன்று பட்டையாகச் சிமெண்ட் போடலாம், முன் சக்கரங்களுக்கு இரண்டு, வாலுக்கு நடுவில் ஒன்று. என்னைக் கேட்டால் பட்டைதான். டக் பழுதான நாளிலும் பட்டை வேலை செய்யும். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் கோடைமழை பெய்தால் செம்மண் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தில் அப்பிக்கொண்டு, இரண்டு சுற்றில் டயரே களிமண் உருண்டையாகிவிடும். அந்த மண்ணில் 450 கிலோவுக்கு எழுபது கிலோ இழுப்புக்கூடத் தேவைப்படலாம். அதற்கேற்ற டக் என்றால் அது சின்ன டிராக்டர்தான்.

பேட்டரியில் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். உங்கள் பயணம் ஒரு நிமிடம். ஒரு நிமிடத்துக்கு மோட்டார்கள் இழுக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 12 வோல்ட் 26 ஆம்பியர்-மணி சீல் செய்த ஈய பேட்டரி இரண்டு போட்டால், ஞாயிறு முழுக்க உள்ளே வெளியே என்று ஓட்டினாலும் தீராது. லித்தியம் லேசானது என்பார்கள். இந்த வண்டியில் லேசு நமக்கு வேண்டாம், ஈயத்தின் கனம்தான் பிடிமானம். பேட்டரியை ஓட்டும் சக்கரங்களுக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் டக் பழையதாக, மலிவாக வந்தாலும் வேண்டாம். மூடின ஷெட்டில் புகை ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிது விமானப் பெட்ரோலின் ஆவி. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். டக்கின் சூடான சைலன்ஸரும் தரையோடுதான் இருக்கிறது. மின்சார மோட்டாரிலும் கார்பன் பிரஷ் இருந்தால் பொறி உண்டு. அதனால் கூடுதல் விலை என்றாலும் பிரஷ் இல்லாத, மூடிய மோட்டாராகப் பாருங்கள். எது இருந்தாலும் கதவைத் திறந்து, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். வாடை அடித்தால் அன்றைக்கு டக் இல்லை, ஒழுகல் எங்கே என்று தேடும் வேலைதான்.

வெளிநாட்டு டக் நல்ல பொருள்தான். ஆனால் அதன் விலையோடு கப்பல் செலவும் வரியும் சேர்கின்றன, பழுதானால் உதிரி பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் தயாராகிற ஊர் ஓசூர். அங்கே சுற்றியுள்ள பட்டறைகளில் இதைச் செய்ய முடியாத ஆள் இல்லை. பட்டறைக்காரரிடமே கொடுங்கள். ஆனால் அவர் விமானத்தோடு பழகியவர் இல்லை. ஆகவே கீழே சொல்வதை உட்கார்ந்து அவருக்கு விளக்குங்கள்.

வால் சக்கரம் ஏறி உட்காரும் தட்டு தரையிலிருந்து நாலு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நாலு அங்குலம் உயர்ந்தால் வால் எடை இரண்டு கிலோ அளவில் குறையும், அது பரவாயில்லை. வசதிக்காக வாலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் அமைப்பு ஏதாவது அவர் மனதில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வால் உயர உயர விமானத்தின் எடை முன் சக்கரங்களைத் தாண்டி மூக்குப் பக்கம் போகும். இஞ்சினும் புரொப்பெல்லரும் இருக்கும் பக்கம் அது. ஓட்டும் சக்கரங்களின் அச்சு, தட்டின் நடுவுக்கு நேர் கீழே வர வேண்டும். தட்டு அச்சைத் தாண்டிக் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் போனால் கைப்பிடி துள்ளி உங்கள் தாடையில் அடிக்கும். நான் சொல்வது மிகை இல்லை, ஒரு சக ஊழியருக்குப் பல் போயிருக்கிறது.

தட்டில் ஏற்ற ஒரு சாய்பலகையும், ஜீப்பில் இருப்பதுபோல, பட்டையைச் சுற்றி இழுக்கும் ஒரு சின்னக் கைச்சுருளும் (விஞ்ச்) போதும். பட்டையை வால் சக்கரத்தின் கவைமேல் போட்டு இழுக்க வேண்டும். ரட்டரோடு இணைக்கும் ஸ்பிரிங்கிலோ சங்கிலியிலோ பட்டை படவே கூடாது. ஏறின பிறகு முன்னும் பின்னும் நகராமல் ஒரு கட்டையும், மேலே ஒரு பட்டையும்.

இப்போது மிக முக்கியமானது, திருப்பம். வால் சக்கரம் ரட்டரோடு ஸ்பிரிங் வழியாக இணைந்திருக்கும். ஓரளவுவரை மிதிகட்டையின்படி திரும்பும், அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் கொக்கி விடுபட்டு முழுவதும் சுழலும். இது சில வகைகளில். இன்னும் சில வகைகளில் விடுபடவே விடுபடாது, அளவைத் தாண்டித் திருப்பினால் ஸ்பிரிங்கும் ரட்டரின் கொம்பும்தான் வளையும். உங்கள் வால் சக்கரம் எந்த வகை என்று உங்கள் பொறியாளரை வைத்துக்கொண்டு பாருங்கள். வாலைத் தூக்கிக் கையால் திருப்பிப் பார்த்தாலே தெரியும். எந்த வகையாக இருந்தாலும், தட்டுக்கு அடியில் ஒரு சுழல் பேரிங் வைத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது. டக் அடியில் திரும்பும், வால் சக்கரம் ரட்டரோடு நேராக அப்படியே நிற்கும். ஆனால் தட்டும் சுழன்று, வால் சக்கரமும் தன்னிச்சையாகச் சுழன்றால் பின்னால் தள்ளும்போது இரண்டும் எதிரெதிராக மடங்கிக்கொள்ளும். ஆகவே தட்டு சுழலட்டும், வால் சக்கரத்தைக் கட்டை வைத்து நேராக இறுக்கிவிடுங்கள்.

கைப்பிடியில் விரலை எடுத்தால் நின்றுவிடும் சுவிட்ச் வேண்டும். விட்டதும் மோட்டாரே பூட்டிக்கொள்ளும் காந்த பிரேக் வேண்டும். உங்கள் ஏற்றத்தில் கரண்ட் போன நொடியில் விமானம் பின்னோக்கி உருண்டால் அதைக் கையால் பிடித்து நிறுத்தப் போகும் நிலை வரக் கூடாது. மோட்டார் வாங்கும்போதே அந்த பிரேக்கோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதோடு. வெடுக்கென்ற இழுப்பு ஒவ்வொன்றும் அந்த ஸ்பிரிங் பட்டையின் போல்ட்டுக்குத்தான் போகிறது.

டக்கில் மாட்ட வசதியாக விமானத்தின் வாலில் ஒரு கொக்கியையோ வளையத்தையோ நிரந்தரமாகப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டக் உங்கள் சொந்தப் பொருள், எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். விமானத்தில் ஒரு துளை போட்டாலும் அது மாற்றம், உரிமம் பெற்ற பொறியாளரும் உரிய அனுமதியும் இல்லாமல் செய்யக் கூடாது.

வேலை செய்யும் முறைக்கு வருகிறேன். நீங்கள் வாலை முன்னால் விட்டு உள்ளே இழுக்கிறீர்கள். இழுக்கும்போது முன் சக்கரங்கள் வண்டிமாட்டுக்குப் பின்னால் வருகிற வண்டிபோல ஒழுங்காகப் பின்தொடரும். வெளியே தள்ளும்போதுதான் டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதுபோல ஆகும், கொஞ்சம் கோணினாலும் மடங்கும். அதனால் தள்ளும் திசையில் மெதுவாக, நேராக மட்டும். திருப்பம் எல்லாம் வெளியே வெட்டவெளியில். இன்னொன்று: உள்ளே இழுத்து நிறுத்தினதும் டக் வாலுக்கும் பின்சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். டக்கின் நீளத்தோடு நீங்கள் நிற்க ஒரு மீட்டர் சேர்த்து அங்கே இடம் இருக்கிறதா என்று டக் செய்யும் முன்பே டேப்பால் அளந்துவிடுங்கள். இடம் இல்லை என்றால் கைப்பிடியை மடக்கும்படி செய்யச் சொல்ல வேண்டும்.

தரையில் மூன்று கோடு பெயிண்ட் அடியுங்கள், சக்கரங்களுக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று. முன் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் குறுக்குக் கோடு. 36 அடி இறக்கையைக் கண்மதிப்பில் கதவுக்குள் நுழைப்பதைவிட இந்தக் கோட்டை நம்புவது நல்லது.

டக் வரும்வரை கையால்தான் தள்ளுவீர்கள். முட்டுக் கம்பியின் நடுவில் தள்ளாதீர்கள், அது உடலோடு சேரும் அடி முனையில் தள்ளுங்கள், அல்லது சக்கரக் காலில். வால் சிறகின் முனை, அதில் மேலும் கீழும் அசையும் பலகையான எலிவேட்டர், வாலின் பிணைப்புக் கம்பிகள் இவற்றில் கை வைத்துத் தூக்குவதோ தள்ளுவதோ கூடாது. புரொப்பெல்லரைப் பிடித்து இழுக்கவே வேண்டாம். இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் சுவிட்சை அணைத்திருந்தாலும் உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தால் அது உயிரோடு இருக்கும், கால் சுற்றுத் திருப்பினாலே இஞ்சின் ஒரு தடவை உதைக்கலாம்.

கோடைக் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாலை நாலு மணிக்கு மேற்கே கருத்து, மாந்தோப்பில் காய் உதிர்கிற காற்று கிளம்பும்போது, "சீக்கிரம் உள்ளே இழுத்துவிடலாம்" என்று தோன்றும். அப்போது இழுக்காதீர்கள். 450 கிலோ விமானத்துக்கு 36 அடி இறக்கை. காற்று பின்னாலிருந்து வாலுக்கு அடியில் புகுந்தால் டக்கிலிருந்து வாலைத் தூக்கிவிடும். ஷெட்டுக்கு வெளியே காற்று வழக்கமாக வரும் திசைக்கு மூக்கு இருக்கும்படி மூன்று இரும்பு வளையங்களைக் கான்கிரீட்டில் புதைத்து வையுங்கள். வானம் கருத்தால் அங்கேயே கட்டுங்கள், விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பூட்டிவிட்டு ஒதுங்குங்கள். மழை நின்ற பிறகு டக்கை எடுக்கலாம்.

முதல் சோதனையை விமானத்தில் செய்ய வேண்டாம். பட்டறையிலேயே, உங்கள் வால் எடைக்குச் சமமாக மணல் மூட்டையைத் தட்டில் வைத்து, ஒரு காலி டெம்போவைத் தடியால் கோத்து, அதே ஏற்றம் உள்ள இடத்தில் இழுத்து, நடுவில் சுவிட்சை விட்டுப் பாருங்கள். அங்கேயே நிற்க வேண்டும், ஒரு அடிகூடப் பின்னால் வரக் கூடாது. பத்துத் தடவை நின்றால் விமானத்துக்குக் கொண்டுவரலாம். அன்றைக்கு ஓட்டுபவர் நீங்கள், மைத்துனர் ஒரு இறக்கை முனையில், மூன்றாவது நண்பர் மறு முனையில். இறக்கை முனையில் நிற்பவர் "நில்" என்றால், ஏன் என்று கேட்காமல் விரலை எடுத்துவிட வேண்டும். டக் வந்துவிட்டது, இனி நான் ஒருவனே போய் எடுத்துவிடுவேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். கைப்பிடியில் நிற்பவருக்கு வால் தெரியும், இறக்கையின் மறு முனை தெரியாது. குறைந்தது ஒருவராவது உடன் இருக்கும் நாளில் மட்டும் கதவைத் திறங்கள்.